வீட்டுல கேக்கணும்

பிப்ரவரி 9

பேருந்திலிருந்து இறங்கியதும் செல்போனை வாங்கிக்கொண்டு, கோயிலில் செருப்புக்குக் கொடுப்பது போல ஒரு டோக்கன் கொடுத்தார்கள். நம்பிக்கை வாக்கெடுப்பு முடியும்வரை போன்கள் ஒரு பிளாஸ்டிக் கூடையில் இருக்கும். நாங்கள் கடலோரத்து இந்த விடுதியில் இருப்போம்.

எம்.எல்.ஏ.க்களை முன்பே கொண்டுவந்து அடைத்துவிட்டார்கள். இரண்டு ஓட்டு அந்தப் பக்கம் போனால் ஆட்சி கவிழும். போன வாரம் ஒருவர் மதில் ஏறிக் குதிக்கப் பார்த்தாராம். அதனால் மனைவிமாரையும் கூட்டிவரச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

பக்கத்து அறை சுகந்தி அக்கா. அவர் வீட்டுக்காரர் மூன்றாம் முறை எம்.எல்.ஏ. "மாடு நிக்க மாட்டேங்குதுன்னு கயிறக் கூட்டியாந்திருக்காங்க" என்றார். "பரவால்ல, கயிறுக்கும் ஏசி போட்டிருக்காங்க."

எங்கள் அறையில் என் வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது: "யாரு என்ன கேட்டாலும் யோசிக்கணும்னு மட்டும் சொல்லு."

"எதப் பத்தி?"

"எதப் பத்தியும்."

செம்பியன் விஷயம் கேட்டேன். "பாத்துக்கறேன்னு சொன்னேன்ல" என்று சத்தத்தைக் கூட்டினார்.

கார்த்திகையிலிருந்து இதையேதான் சொல்கிறார். என் தம்பி செம்பியனும் எங்கள் ஆலங்கரையைச் சேர்ந்த இன்னும் ஆறு பேரும் நரிக்குன்றுப் பாதையில் உட்கார்ந்து கல் லாரிகளை மறித்தார்கள். குன்றில் பாதி போய்விட்டது. வெடி வைத்து வைத்து ஊரில் சுவர் விரியாத வீடு இல்லை, தண்ணீர் நிற்கும் கிணறு இல்லை. ஏழு பேர் மேலும் குண்டர் சட்டம். டியூஷன் எடுக்கிற செம்பியனும் குண்டர். அவனுக்குக் கல் தூசியில் வந்த ஆஸ்துமா வேறு. போன மாதம் மனுப் போட்டுச் சிறையில் பார்க்கப் போனபோது, பேச ஆரம்பித்து மூச்சு வாங்கி, கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

எம்.எல்.ஏ. மச்சானுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று ஊரில் பேசுகிறார்களாம். இவருக்கு மேலிடத்தில் அவ்வளவு செல்வாக்கு இல்லை, அதுதான் காரணம்.

பிப்ரவரி 10

காலையில் இட்லி சாப்பிடும்போது பரமகுரு எதிரில் வந்து உட்கார்ந்தார். இங்கே எங்களை மேய்க்கும் வேலை அவருடையது. கட்சியில் என்ன பதவி என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அமைச்சர்களே எழுந்து நிற்கிறார்கள். என் அப்பா வயது. என்னை அண்ணி என்கிறார்.

"வசதியெல்லாம் பரவால்லையா அண்ணி?"

"பரவால்ல."

"அண்ணன்கிட்ட எதப் பேசினாலும் வீட்டுல கேக்கணும், வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேங்கறாரு. சரின்னு வீட்டையே கூட்டியாந்துட்டோம்." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொல்லுங்கண்ணி. உங்க மனசுல என்ன இருக்கு?"

ஐந்து வருடத்தில் இவர் என்னைக் கேட்டுச் செய்தது என்ன என்று யோசித்தேன். வீட்டுக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்பதைக்கூட ஒன்றியச் செயலாளர்தான் முடிவு செய்தார். கட்சிக் கொடியின் நிறத்தில் எங்கள் சமையலறை இருக்கிறது. நான் எம்.ஏ. வரலாறு. கல்லூரியில் வேலைநிறுத்தம் நடத்தியவள். அப்பா கிளைச் செயலாளராக இருந்தவர். கட்சியிலிருந்து பெண் கேட்டு வந்ததும் அவருக்குக் கை கால் ஓடவில்லை.

"யோசிக்கணும்" என்றேன்.

பரமகுருவின் முகம் செத்துப்போனது. "யோசிக்கணுமா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சர்வரைக் கூப்பிட்டு எனக்கு மாதுளை ஜூஸ் கொண்டுவரச் சொன்னார்.

ஆக, இதுதான். இவர் பேரம் பேசுகிற இடங்களிலெல்லாம் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பெண்டாட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விலை ஏறும். என் பெயரோடு அங்கே இருக்கிற எழிலரசி பிடிவாதக்காரி, யாருக்கும் பயப்படாதவள், அவள் சம்மதிக்காமல் அவள் வீட்டுக்காரர் வைரவசுந்தரம் எம்.எல்.ஏ. கையைத் தூக்க மாட்டார். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 11

நீச்சல் குளத்தில் மூன்று எம்.எல்.ஏ.க்கள் வேட்டியோடு இறங்கினார்கள். துணியை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கிறார்கள். தம்பியைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

பிப்ரவரி 12

மத்தியானம் நானே பரமகுருவைத் தேடிப் போனேன். தோட்டத்தில் நாற்காலி போட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுட்டேன்" என்றேன். "என் தம்பிய வெளிய விடுங்க. அப்புறம் மத்தது பேசலாம்."

"தம்பியா? யாரு?"

சொன்னேன். குண்டர் சட்டம் என்றதும் நெற்றியைத் தடவினார். "இந்த விசயமே எனக்குத் தெரியாதே அண்ணி. அண்ணன் இதக் கேக்கவே இல்லையே. அண்ணன் கேட்டது..." இளநீரைக் கீழே வைத்தார். "அது வேற."

"வேற என்ன?"

"அது சும்மா, தொழில் விசயம். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும். அண்ணனோட அண்ணன் பையன் பேருல ஒரு லீசு இருக்குல்ல, அத நீட்டிக்கச் சொல்லி."

எனக்குத் தெரியும் என்று தலையாட்டினேன். எந்த ஊரில் என்று கேட்கவில்லை. வெயில் அதிகமாக இருந்தது, தலை வலித்தது, அறைக்கு வந்துவிட்டேன். இவருக்கு அண்ணன் மகன்கள் நிறையப் பேர். ஆளுக்கொரு தொழில்.

சாயங்காலம் சுகந்தி அக்கா தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். "ஏன் புள்ள இப்படி நடுங்குது உனக்கு?" என்றார். ஏசி என்றேன். தோட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

பிப்ரவரி 13

இவர் திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"பரமகுரு ஆடிப்போயிட்டான். அண்ணி தம்பியக் கேக்குதுங்கறான். நல்ல நேரத்துல கேட்ட. இன்னும் ரெண்டு நாளு இழுக்கலாம்."

"நான் இழுக்கக் கேக்கல. அவன் வெளிய வரணும்னு கேட்டேன்."

"வருவான், வருவான்." கழுத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே சொன்னார். "வந்து என்ன பண்ணுவான்? திரும்ப மலைமேல ஏறி உக்காருவான். உள்ள இருக்கறது அவனுக்கே நல்லது எழில். வெளிய லாரிக்காரப் பயலுக ஒரு மாதிரி."

"எந்த லாரிக்காரங்க?"

செய்தி ஆரம்பித்துவிட்டது என்றார். விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கட்சிக்குள் ஆயிரம் கணக்கு இருக்கும். எல்லாவற்றையும் வீட்டில் சொல்ல முடியாதுதான்.

பிப்ரவரி 14

அமைச்சரின் மனைவி ராஜலோசனி அம்மாள் வந்தார். பெரிய கூடத்தில் எங்களை வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு பட்டுப்புடவை, குங்குமம், பூ. பிறகு ஒரு பித்தளைத் தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். ஒவ்வொருத்தியும் எழுந்து போய், "எங்க வீட்டுக்காரர் கட்சிய விட்டுப் போக மாட்டார்" என்று சொல்லி உள்ளங்கையால் கற்பூரத்தை அணைக்க வேண்டும். மேடையில் பகுத்தறிவு பேசுகிற கட்சி. எம்.எல்.ஏ. போட்ட கையெழுத்தை நம்பாது; அவன் பெண்டாட்டி அணைத்த கற்பூரத்தை நம்பும்.

ஆண்கள் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு வியர்த்தது. சுகந்தி அக்கா அணைத்துவிட்டு வரும்போது என் காதில், "இவரு நாளைக்கே ஓடுனா எனக்குக் கண்ணு போவுமா, காலு போவுமான்னு தெரியல" என்றார்.

என் முறை வந்தது. நான் கையை நீட்டவில்லை.

"தம்பி வெளிய வரட்டும்மா" என்றேன்.

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. யாரோ "அபசகுனம்" என்று முனகினார்கள். ராஜலோசனி அம்மாள் என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் அழைத்துப்போனார். கோபம் இல்லை. சந்தையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"எத்தன பேரு உள்ள இருக்காங்க?"

"ஏழு பேரும்மா."

"உனக்கு யாரு வேணும்?"

"என் தம்பி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

என் கன்னத்தைத் தட்டினார். "கெட்டிக்காரி. நீ ஊரையே கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

சரியாகத்தான் கேட்டேன். ஏழு பேர் என்றிருந்தால் ஒருவர்கூட வந்திருக்க மாட்டார்கள். அவரே சொன்னாரே. "அவ்வளவுதானா" என்றது வெறும் வாய்ப்பேச்சு. சில பேருக்கு அப்படிக் கேட்கும் பழக்கம் உண்டு.

பிப்ரவரி 15

அவ்வளவுதானா என்று கேட்டார்.

பிப்ரவரி 16

பரமகுரு தன் போனில் காட்டினார். செம்பியன் மேல் போட்ட உத்தரவை அரசு ரத்து செய்திருக்கிறது. சிறை வாசலில் அம்மாவோடு அவன் நிற்கிற படமும் இருந்தது. அம்மாவின் புடவை கசங்கியிருந்தது. அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

உடனே தட்டைக் கொண்டுவந்தார்கள். எனக்காகத் தனியாக ஒரு கற்பூரம். இவர் பக்கத்தில் நின்று எனக்குத் தோள் கொடுப்பது போல முதுகில் கை வைத்தார். அணைத்தேன். பழக்கம் இல்லாததால் தேவைக்கு மேல் அழுத்திவிட்டேன், உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

"பாத்தியா" என்றார் இவர், "நீ ஒண்ணு கேட்ட, நான் ஒண்ணு கேட்டேன். ரெண்டும் கெடச்சிருச்சு."

பிப்ரவரி 18

ஆட்சி தப்பியது. இவர் கை தூக்கியதை டிவியில் பார்த்தேன். பேருந்தில் ஏறுமுன் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். சுகந்தி அக்காவும் நானும் நம்பரை மாற்றிக்கொண்டோம். "இனிமே நீ பெரிய ஆளு புள்ள. எம் பையனுக்கு ஒரு வேலை சொல்லிவிடு" என்றார். விளையாட்டுக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 20

வீடு. முன்கூடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். முதுகில் டர்க்கித் துண்டு விரித்த நாற்காலி. தெருவில் பெண்கள் வரிசை. முதியோர் பென்ஷன், மகனுக்கு அரசு ஆஸ்பத்திரியில் வேலை, மருமகன் குடி. கற்பூரத்துக்கு முன்னால் நான் நின்ற கதை மாவட்டம் முழுக்கப் போய்விட்டது. ஜன்னலோரம் ராஜலோசனி அம்மாள் கேட்டது உட்பட, பரமகுருவே எல்லோரிடமும் சொல்கிறாராம்.

"பொம்பளைங்க கேஸெல்லாம் நீ பாத்துக்க" என்றார் இவர். "அடுத்த தேர்தலுக்கு ரொம்ப ஒத்தாசையா இருக்கும்."

செம்பியனுக்கு எட்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 22

வரிசையில் பஞ்சவர்ணம் அத்தை. சொந்த அத்தை இல்லை, ஆலங்கரையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அவர் மகன் சன்னாசி இன்னும் உள்ளே இருக்கிற ஆறு பேரில் ஒருவன். கூட ஐந்து பெண்கள். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார்கள்.

"தம்பி நல்லா இருக்கானாத்தா?" என்றார் அத்தை.

"என்கிட்ட பேச மாட்டேங்கறான் அத்தே."

"எங்ககிட்டயும் பேசல. வீட்டுக்குள்ளயே கெடக்கான்." கொஞ்ச நேரம் என் நாற்காலியைப் பார்த்தார். "உனக்கு யாரு வேணும்னு அந்த அம்மா கேட்டாகளாமே."

கையிலிருந்த மனுக்களை அடுக்கினேன்.

"பரவால்லத்தா. நானா இருந்தாலும் எம் மவனத்தான் சொல்லியிருப்பேன்." அதை அவர் ஆறுதலாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. "அந்த அம்மா மறுக்கா கேட்டாகளாமே, அவ்வளவுதானான்னு. அப்பயாச்சும் சன்னாசி ஞாவகம் வரலையா? சின்னதுல உன்னைய சைக்கிள்ல வச்சுப் பள்ளிக்கொடத்துக்குக் கொண்டுபோயி விடுவானே."

"நான் இவர்ட்ட சொல்றேன் அத்தே. இன்னைக்கே சொல்றேன்."

ஒரு பெண் சிரித்துவிட்டாள். அத்தை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "யாருகிட்ட? லாரி ஓடுறது யாரு பேருலங்கிறது உனக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

"சரித்தா" என்றார்.

அவர்கள் போன பிறகு இன்னும் பதினைந்து மனு வாங்கினேன். ஒன்றிலும் கவனம் இல்லை.

தெரியும். அன்று தோட்டத்திலேயே தெரியும். அதற்கு முன்பும், நரிக்குன்று என்று யாராவது சொன்னாலே இவர் டிவி சத்தத்தைக் கூட்டுவாரே, அப்போதே தெரியும். கேட்டிருந்தால் தம்பியை யார் உள்ளே போட்டது என்பதையும் கேட்க வேண்டியிருந்திருக்கும். கேட்டுவிட்டு அன்று இரவு இதே வீட்டில் யாருக்குச் சோறு போடுவது?

பிப்ரவரி 24

ஆலங்கரைக்குப் போனேன். கார் வேண்டாம் என்று பேருந்தில் போனேன். நிறுத்தத்தில் இறங்கியதும் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மரியாதைக்கு.

செம்பியன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இன்ஹேலர் மடியில். கேட்காமலே பேசினான்.

"பேரு கூப்புட்டப்ப எல்லாருக்கும்தான் உத்தரவுன்னு நெனச்சோம்கா. ஏழு பேரும் எந்திருச்சு சட்டையப் போட்டுட்டோம். ஒரு பேருதான்னு அப்பறந்தான் சொன்னாங்க. அவனுக ஒண்ணும் சொல்லல. சட்டையக் கழட்டிட்டு உக்காந்துட்டானுக. சன்னாசி மட்டும், வீட்டுல சொல்லிரு செம்பியான்னான். என்ன சொல்லணும்னு சொல்லல."

"உனக்கு மூச்சு முடியலடா. இன்னும் ஒரு மாசம் உள்ள இருந்திருந்தா..."

"செத்திருப்பேன். தெரியும்." இருமினான். "டீ குடிக்கப் போனேன். காசு வாங்க மாட்டேங்குறாரு. எம்.எல்.ஏ. மச்சானாம். கார்த்திகை வரைக்கும் நானு வெறும் கடன்காரன்."

திங்கட்கிழமை பாதையில் போய் உட்காரப் போகிறான். தனியாக. வேண்டாம் என்று கெஞ்சினேன். காலைப் பிடித்தேன். அவன் விலக்கவில்லை, நான் விடும்வரை பொறுமையாக இருந்தான். "உள்ள போனா அவனுக மூஞ்சியப் பாத்துப் பேசலாம்கா. வெளிய யாரு மூஞ்சியயும் பாக்க முடியல."

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. எனக்குச் சோறு போட்டு வைத்திருந்தாள். வெடிச் சத்தம் கேட்டது, தட்டு அதிர்ந்தது. சாப்பிட்டேன்.

பிப்ரவரி 26

நாளைக்குத் திங்கட்கிழமை. இவரிடம் அழுது பார்த்தேன். "நீ போய்ப் பேசு. நீ சொன்னா கேப்பான்" என்றார். அதே வார்த்தையைத்தான் இவரைப் பற்றிப் பரமகுருவும் என்னிடம் சொல்வார்.

பிப்ரவரி 27

போய்ச் சேர்வதற்குள் அவன் உட்கார்ந்துவிட்டான். ஒரு பக்கம் லாரிகள், ஒரு பக்கம் போலீஸ். என்னைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வழிவிட்டார். நான் பேச வரவில்லை. அவன் பக்கத்தில் கல்லின்மேல் உட்கார்ந்தேன்.

"எந்திரிச்சுப் போக்கா" என்றான்.

"மாட்டேன்."

யோசித்துத்தான் வந்திருந்தேன். எம்.எல்.ஏ. பெண்டாட்டியே மறித்தால் படம் எடுப்பார்கள், செய்தி வரும், யாராவது யாரையாவது கேள்வி கேட்பார்கள். உண்மையிலேயே எனக்குச் செல்வாக்கு இருந்தால் அது இங்கே ஒரு லாரியையாவது நிறுத்தட்டும்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு நாற்காலி வந்தது. பிறகு குடை. பிறகு இளநீர். லாரிகள் பின்னால் நகர்ந்து வேறு பாதையில் போய்விட்டன. செம்பியனுக்கு இழுப்பு வந்தபோது இரண்டு காவலர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்கா, ஸ்டேஷனுக்கா என்று யாரும் சொல்லவில்லை. நான் வேனில் ஏறப் போனேன், கதவைச் சாத்திவிட்டார்கள்.

"நானும்தான் மறிச்சேன். என் பேரையும் எழுதுங்க."

"எழுத முடியாது மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். உண்மையிலேயே வருத்தப்படுகிறவர் போல இருந்தார். "உங்க பேரை எழுதினா நான் எங்க வேல பாக்கறது?"

பிப்ரவரி 28

பேப்பரில் படம் வந்திருக்கிறது. நானும் செம்பியனும், என் தலைக்கு மேல் குடை. கீழே: சட்டமன்ற உறுப்பினரின் துணைவியார் நேரில் சென்று நடத்திய பேச்சுவார்த்தையில் குவாரிப் பிரச்சினைக்குச் சுமுகத் தீர்வு. இவர் பத்துப் பிரதி வாங்கிவரச் சொன்னார்.

செம்பியன் மேல் மறுபடி அதே சட்டம். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரியில் மூக்கில் ஏதோ வைத்துவிட்டு உள்ளே அனுப்பிவிட்டார்கள். ராஜலோசனி அம்மாளுக்குப் போன் செய்தேன். எடுத்தது ஒரு உதவியாளர். "அம்மா பூஜையில இருக்காங்க. ஓட்டெடுப்பு எதுவும் வருதா மேடம்?" என்று கேட்டார். கேலி இல்லை. குறித்துக்கொள்வதற்காகக் கேட்டார்.

பேச்சுவார்த்தை நடக்கவே இல்லை என்று பேப்பர் ஆபீசுக்கும் சொல்லிப் பார்த்தேன். "சார்கிட்ட கேட்டுட்டுப் போடறோம் மேடம்" என்றார்கள்.

மார்ச் 1

பேப்பரைப் பார்த்துவிட்டு இன்று வரிசை தெரு முனை தாண்டிவிட்டது. முதலில் வந்த பெண்ணிடம், நான் சொன்னால் எதுவும் நடக்காது, வீட்டுக்குப் போங்கள் என்றேன். அவள் பயந்துபோய், கையில் வைத்திருந்த பழத்தோடு இடுப்பிலிருந்த சுருக்குப் பையையும் எடுத்து வைத்தாள். அடுத்தவளிடமும் சொன்னேன். அவள் அழுதாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை, மனுக்களை வாங்கி வைத்தேன்.

பிற்பகலில் தலை நிமிர்ந்தால் எதிரே அம்மா. பின்னால் பஞ்சவர்ணம் அத்தையும் மற்ற ஐந்து பெண்களும். காலையிலிருந்து வெயிலில் நின்றிருக்கிறார்கள். அம்மாவின் உதடு வெடித்திருந்தது.

"ஏம்மா வரிசைல நின்னே? நேரா உள்ள வர வேண்டியதுதானே. வா, வந்து உக்காரு."

"மக வீட்டுக்கு வரலத்தா" என்றாள். பிறகு, வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள் போல, என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியின் கையைப் பார்த்துச் சொன்னாள்: "ஆலங்கரையிலருந்து வர்றோங்க. எங்க ஊருப் பயலுக ஏழு பேரு உள்ள இருக்கானுக. ஏழு பேரயும் விடச் சொல்லுங்க."

மடித்த தாளை இரண்டு கையாலும் நீட்டினாள். வாங்கினேன். ஏதாவது சொல்ல வேண்டும். அய்யா வந்ததும் சொல்கிறேன் என்று காலையிலிருந்து எல்லோரிடமும் சொன்ன வாக்கியம்தான் வாய்க்கு வந்தது. அதைச் சொல்லவில்லை. வேறு வாக்கியமும் கிடைக்கவில்லை. அம்மா காத்திருந்தாள்.

வரிசையில் அவர்களுக்கு அடுத்து நின்ற பெண் அம்மாவின் முழங்கையைத் தொட்டாள்.

"சொல்லிட்டீகள்ல பெரியம்மா? கொஞ்சம் நகருங்க. அண்ணிக்கு நேரமாவுது."

அம்மா நகர்ந்தாள்.